நீரளவும் விளைவும்: கொங்கு நாட்டுப் பாசன வரலாறு – ஒரு நோக்கு

பயிருக்கு நீர் விடும் செயலைத் தமிழகத்தின் பல பகுதிகளில் நீர் பாய்ச்சுதல் என்பர். இறைத்தல் என்பாரும் உளர். கொங்கு நாட்டு உழவர் வாயில் அது ‘தண்ணீர் கட்டுதல்’ என்றே வழங்குகின்றது. ஓட விடுவதைக் காட்டிலும், ஓடுவதைத் தடுத்து வரம்புக்குள் நிறுத்துவதே அங்குப் பாசனம் எனப்பட்டது. ஒரு பாத்தி நனைந்தவுடன் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து அடுத்த பாத்திக்கு மடையைத் திருப்புபவனே தண்ணீர் கட்டுபவன். இச்சொல் ஒரு நிலத்தின் வரலாற்றையே தன்னுள் அடக்கியிருக்கின்றது.

நீர்நிலைகளை அமைப்பது மன்னனின் கடமை என்னும் எண்ணம் தமிழுக்குப் பழையது. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குமாறு வேண்டிய செய்தியைப் புறநானூற்றின் 18ஆம் பாட்டு தருகின்றது. ஆயின் தேக்கிய நீரை ஒரு பயிருக்கு எவ்வளவு விடுவது, அந்த அளவை யார் வகுப்பது என்னும் வினாக்கள் பின்னரே எழுகின்றன. இன்று பின்னலாடையால் உலகறிந்த திருப்பூரும், அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், காங்கேயம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களும் இவ்வினாக்களுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டன. அவ்விடைகளின் வரலாறே ஈண்டு நோக்கப்படுகின்றது.

மழை மறைவு நாடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே மழை மறைவுப் பகுதியில் அமைந்தது இந்நிலம். ஆண்டு மழை சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர். அதுவும் சில வாரங்களில் பெய்து ஓய்ந்துவிடும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிப் பேரூர், திருப்பூர் வழியே காவிரியை அடையும் நொய்யல், காஞ்சி நதி என்னும் பழம்பெயர் உடையது. அதன் கரையிலுள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்பெறும் ஊர். அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்துள்ளன. நூலுக்கும் நொய்யலுக்கும் உள்ள உறவு அத்துணைப் பழையது.

இந்நிலத்தை உழவர் மூன்றாகப் பகுத்துக் கண்டனர். ஆற்று நீரும் குளத்து நீரும் பாயும் வயல். கிணற்று நீரால் விளையும் தோட்டம். மழையை மட்டுமே நம்பிய காடு. காங்கேயம் பகுதியில் காட்டிலும் ஒரு வகை உண்டு, அது கொறங்காடு. கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் மேய்ச்சல் நிலம் அது. அதற்கு ஒரு குடம் நீரும் இறைப்பதில்லை. இறைவை நீர் பெறாத அந்நிலத்தில் மேய்ந்து உரம் பெற்ற காங்கேயம் காளைகளே தோட்டத்துக் கிணறுகளில் நீர் இறைத்தன. நீரற்ற நிலம் நீருள்ள நிலத்தைத் தாங்கிய ஏற்பாடு இது.

கவலையும் கணக்கும்

கிணற்றின் விளிம்பிலிருந்து சரிந்து செல்லும் வாரியில் எருதுகள் இறங்க, சால் மேலே வந்து தொட்டியில் நீரைக் கொட்டும், இதுவே கவலை. ஒரு சாலில் 150 லிட்டர் கொள்ளும் எனக் கொண்டு கணக்கிட்டால் அக்காலத்து உழைப்பு விளங்கும். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்த ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது எருதுகள் சுமார் 1,350 முறை வாரியில் இறங்கி ஏற வேண்டும். அதுவும் ஒரே ஒரு நனைப்புக்கு. பருத்திக்கு அதன் வாழ்நாளில் 700 முதல் 1,300 மில்லிமீட்டர் வரை நீர் தேவை என்பது உலக உணவு வேளாண் நிறுவனத்தின் கணக்கு. மழை தரும் பங்கைக் கழித்தாலும் எஞ்சியதை எருதின் கழுத்தும் மனிதனின் தோளும் ஈடு செய்தாக வேண்டும்.

ஆகவே அளவு என்பது அறிவுரையாக எவரும் கூற வேண்டியதாக இருக்கவில்லை. பயிருக்கு மிகையாக ஒரு சால் விடுவது எருதை வீணே ஒரு முறை இழுக்கச் செய்வதாகும். ஏற்றம் இறைப்போர் பாடிய பாட்டுகளில் இறைப்பின் எண்ணிக்கை பாட்டோடு பாட்டாக வருவதை நாட்டுப்புற இலக்கியம் பயில்வோர் அறிவர். களைப்பைப் போக்கிய பாட்டு, இறைத்த நீரின் கணக்கேடாகவும் விளங்கியது. உழைப்போரின் இசையே நீரை அளந்த காலம் அது.

எனினும் அக்காலத்தைப் பொற்காலம் எனக் கொள்வது பொருந்தாது. எருது உடையவனுக்கும் கிணறு உடையவனுக்கும் மட்டுமே தோட்டம் இருந்தது. விடியுமுன் வாரியில் இறங்கிய பண்ணையாளின் கால்களே அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுத்தன.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கம்போடியா பருத்தி இங்கு வந்தது. நாட்டுப் பருத்தி மழையில் விளைந்தது, இழை குட்டையானது. கம்போடியா நீண்ட இழை தந்தது. ஆனால் கிணற்று நீரை வேண்டி நின்றது. கோவையில் 1888இல் தொடங்கிய ஆலைத்தொழில் வளர வளர, நீண்ட இழைப் பஞ்சுக்கு நல்ல விலை கிடைத்தது. திருப்பூர் பருத்திச் சந்தையாகவும், பஞ்சு அரைக்கும் ஆலைகளின் ஊராகவும் உருப்பெற்றது. பிற்காலப் பின்னலாடை நகரின் அடித்தளத்தில் தோட்டத்துக் கிணற்றின் நீரும் உண்டு.

பயிர் நூல் காட்டும் வளைவு

நீருக்கும் விளைவுக்கும் உள்ள உறவைக் கோவை வேளாண் கல்லூரியும், 1971இல் அதிலிருந்து உருப்பெற்ற பல்கலைக்கழகமும், உலகின் பிற ஆய்வு நிலையங்களும் பலகாலம் ஆராய்ந்துள்ளன. அவ்வாய்வுகளின் சாரத்தை எளிதில் கூறலாம். வறண்ட நிலத்தில் முதலில் விடும் நீர் பெருவிளைவு தரும். அடுத்தடுத்து விடும் நீருக்கு விளைவின் கூடுதல் குறைந்துகொண்டே வரும். ஓர் எல்லைக்குப் பின் விடும் நீரால் பயன் இல்லை. அதற்கும் மேல் விட்டால் வேர் மூச்சுத்திணறும், உரம் வேருக்குக் கீழே கரைந்தோடும், பருத்தியாயின் இலை தழைத்துக் காய் உதிரும்.

ஏக்கருக்கு மிகுந்த விளைச்சல் தரும் நீரளவும், ஒரு குடம் நீருக்கு மிகுந்த விளைச்சல் தரும் நீரளவும் வேறு வேறானவை. பின்னது முன்னதினும் பெரும்பாலும் குறைவானது. நிலம் அரிதான இடத்தில் முன்னதும், நீர் அரிதான இடத்தில் பின்னதும் ஏற்புடையன.

எல்லாப் பயிரும் நீர்க்குறையை ஒரேவிதமாகத் தாங்குவதில்லை. உலக உணவு வேளாண் நிறுவனம் 1979இல் வெளியிட்ட பயிர்க் கணக்கின்படி, நீர்ச்செலவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நிலக்கடலையின் விளைச்சல் 7 விழுக்காடும், பருத்தியின் விளைச்சல் 8.5 விழுக்காடும், சோளத்தின் விளைச்சல் 9 விழுக்காடும் குறையும். வெங்காயமோ 11 விழுக்காடும், மக்காச்சோளம் 12.5 விழுக்காடும் இழக்கும். 100 ஏக்கர் பருத்திக்குரிய நீரை 125 ஏக்கருக்குப் பகிர்ந்தால், ஒவ்வோர் ஏக்கருக்கும் நீர் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஏக்கர் விளைச்சல் 17 விழுக்காடு குறையும். எனினும் மொத்த விளைச்சல் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும். அதையே மக்காச்சோளத்தில் செய்தால் மொத்த விளைச்சல் 6 விழுக்காடு குறைந்துபோகும்.

பூப்பதும் காய்ப்பதுமான பருவத்தில் பருத்திக்கும், கதிர் வெளிவரும் பருவத்தில் மக்காச்சோளத்துக்கும் ஒரு நனைப்புத் தவறினால் பின்னர் எவ்வளவு விட்டும் ஈடாகாது என்பதும் ஆய்வு காட்டும் உண்மையே. கொங்கு நாட்டின் பழைய பயிர்களான சோளமும் பருத்தியும் நிலக்கடலையும் நீரைப் பகிர்ந்துண்ணும் இயல்பின. முன்னோர் தேர்ந்த பயிர்களுக்கு இவ்வெண்கள் பின்னாளில் அமைந்த உரை எனலாம்.

மதகும் முறையும்

விடுதலைக்குப் பின் நீரை அளக்கும் பொறுப்பு எருதிடமிருந்து அரசுக்கு மாறியது. 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுடைய கீழ்பவானிக் கால்வாய் வெட்டப்பெற்றது. அதன் ஆயக்கட்டு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். பரந்த நிலத்துக்குச் சிறிது சிறிதாக நீர் தந்து புஞ்சைப் பயிர் விளைவிப்பதே தொடக்க நோக்கம். ஆனால் வாசலில் கால்வாய் ஓடக் கண்ட உழவர் நெல் நடவே விரும்பினர். நெற்சோறு விருந்துச் சோறாக இருந்த நாட்டில் அவ்விருப்பம் இயல்பானதே. முடிவில் மதகுகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை எனப் பிரிக்கப்பட்டன. ஓராண்டில் ஒரு பாதி நிலம் நெல்லுக்கும், மறுபாதி புஞ்சைப் பயிருக்கும் நீர் பெறும். மறு ஆண்டில் முறை மாறும்.

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் வரலாறும் இதனையே வேறு வடிவில் காட்டுகின்றது. 1958இல் பணி தொடங்கிய அத்திட்டம் மேற்கே ஓடிய மலை நீரைக் கிழக்கே திருப்பி, உடுமலை அருகேயுள்ள திருமூர்த்தி அணைக்குக் கொணர்ந்தது. நீர் கேட்ட ஊர்கள் பெருகப் பெருக ஆயக்கட்டும் பெருகியது. இன்று சுமார் 3 லட்சத்து 77 ஆயிரம் ஏக்கர். நீரோ பெருகவில்லை. ஆதலின் நிலம் நான்கு மண்டலங்களாக வகுக்கப்பட்டு, ஒரு நிலத்துக்கு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒரு பருவம் நீர் என்றாயிற்று. கடைமடையிலுள்ள வெள்ளகோவில், காங்கேயம் பகுதி உழவர்க்கு அந்த ஒரு பருவத்திலும் நீர் முழுமையாக வந்து சேர்வதில்லை என்பது நெடுநாளைய முறையீடு.

இரு திட்டங்களிலும் ஒரே முரண் உண்டு. நீரைப் பரவலாகப் பகிர்ந்து மொத்த விளைவைப் பெருக்குவது திட்டத்தின் அறம். தன் ஒரு காணியில் உச்ச விளைச்சல் எடுப்பது தனி உழவனின் தேவை. அவனுடைய கடனும் மகளின் திருமணமும் அக்காணியின் விளைச்சலையே நம்பியுள்ளன. இருவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. வளைவின் இரு வேறு புள்ளிகளில் இருவரும் நிற்கின்றனர்.

பொத்தானை அழுத்திய காலம்

1932இல் பைக்காரா மின்திட்டம் செயற்பட்டபின் கோவை வட்டாரக் கிணறுகளில் மின்மோட்டார்கள் ஏறத் தொடங்கின. எருது 1,350 முறை இறங்கி இறைத்த நீரை, நொடிக்கு 5 லிட்டர் தரும் மோட்டார் 11 மணி நேரத்தில் இறைத்துவிடும். இறைப்பவன் திண்ணையில் உறங்கலாம். பல தலைமுறையின் முதுகுவலி தீர்ந்தது.

அதன்பின் அளவைக் காத்தது மின்கட்டணம் ஒன்றே. அதுவும் உழவருக்குச் சுமையாயிற்று. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை மாவட்டத்து உழவர் திரண்டனர். 1970இல் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர்கள் உயிர்துறந்தனர். 1984இல் சிறு உழவர்க்கும், 1990இல் அனைத்து உழவர்க்கும் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை அது. அதனை எளிதாகப் பழிப்பது நன்றன்று. எனினும் நீரின் மீதிருந்த கடைசி அளவுகோலும் அத்துடன் நீங்கியது என்பதை வரலாறு மறைக்கலாகாது. வெட்டுக்கிணறு வற்ற ஆழ்துளைக் கிணறு வந்தது. அதுவும் வற்ற, மேலும் ஆழ்ந்தது. பல்லடம் வட்டாரத்தில் கோழிப்பண்ணைகள் பெருகத் தீவனத்துக்கு மக்காச்சோளம் தேவைப்பட்டது. நீர்க்குறையைத் தாங்காத பயிர்கள் நீர் குறைந்த நிலத்தில் பரவலாயின.

உப்பு எழுதிய கணக்கு

நீரின் அளவோடு நீரின் தன்மையும் விளைவை ஆள்கின்றது என்பதைத் திருப்பூர் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. பின்னலாடை ஏற்றுமதி ஓங்கிய ஆண்டுகளில் சாயப்பட்டறைகள் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு மிகுதியாக வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரில் போய்விடும். பட்டறைகளுக்கு நல்ல நீர் சுற்றுவட்டக் கிணறுகளிலிருந்து லாரிகளில் சென்றது. பயிர் செய்து கிடைப்பதைவிட நீரை விற்றுக் கிடைப்பது மிகுதி எனக் கண்ட உழவரும் இருந்தனர். நல்ல நீர் நகருக்குள் போக, உப்பு நீர் நொய்யலில் இறங்கியது.

சென்னிமலையை அடுத்து, கொடுமணலுக்கு அருகே, ஒரத்துப்பாளையத்தில் 1992இல் நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. அன்றைய ஈரோடு, கரூர் பகுதிகளில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் நீர் வழங்க எழுந்த அணை அது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது சாயக் கழிவு எனக் கண்ட உழவர், தங்களுக்கென்று கட்டிய அணையின் நீர் தங்கள் வயலுக்கு வேண்டாம் என்றனர். நீர் வேண்டிப் போராடுவது உழவர் வழக்கம். நீர் வேண்டாம் எனப் போராடியது அரிதினும் அரிது.

உப்பு, நீர்ச் சிக்கனத்தின் கணக்கையே தலைகீழாக்குவது. மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே வெங்காயத்தின் விளைச்சல் சரியத் தொடங்கும். நெல் 3 வரையும், பருத்தி 7.7 வரையும் தாங்கும். நன்னீரில் சிக்கனம் செய்தால் நீர் மிஞ்சும். உப்பு நீரில் சிக்கனம் செய்தால் பயிர் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பை வேரடியில் விட்டுவிடும். அவ்வுப்பைக் கழுவ மேலும் நீர் வேண்டும். நீரே இல்லாத நாட்டில் மண்ணைக் கழுவ நீர் எங்கே கிடைக்கும்? ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச இயலாத நிலையைப் பயிர்நூலார் உடலியல் வறட்சி என்பர்.

ஆயக்கட்டு உழவர் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2006இல் வந்த தீர்ப்பை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது முற்றும் நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையின்றித் தவித்தனர். பின்னர்க் கழிவுநீர் வெளியேறாத முறையை ஏற்ற பட்டறைகளே மீண்டும் இயங்க இசைவு பெற்றன. பயன்படுத்திய நீரையே மீட்டுத் திரும்பவும் பயன்படுத்துவது அதனால் கட்டாயமாயிற்று. தொழிலுக்கு நீரளவை இறுதியில் வகுத்தது நீதிமன்றம்.

சொட்டும் கசிவும்

வயலுக்கு இன்று சொட்டுநீர்க் குழாய் வந்துள்ளது. சிறு குறு உழவர்க்கு முழு மானியமும், ஏனையோர்க்கு 75 விழுக்காடு மானியமும் அரசு வழங்குகின்றது. வாய்க்காலில் விடும் நீரில் ஏறத்தாழ பாதியே வேருக்குச் சேரும். சொட்டு நீரில் பத்தில் ஒன்பது பங்கு சேரும். விளைவும் கூடும், களையும் குறையும். பாட்டு எண்ணியதையும் எருது எண்ணியதையும் இப்போது குழாயின் துளை எண்ணுகின்றது.

எனினும் மிச்சமான நீர் எங்கே போகின்றது என்பதையும் நோக்குதல் தகும். அது கிணற்றில் தங்குமாயின் நிலத்தடி நீர் உயரும். மிச்சமான நீரைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கர் தென்னை வைத்தால், கிணறு முன்போலவே வற்றும். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரங்கள் வந்தபின் நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியது என 1865இலேயே ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவோன்ஸ் சுட்டிக்காட்டினார். நீருக்கும் அது பொருந்தும். பயிரின் அடியில் அளவு வைத்தால் மட்டும் போதாது. கிணற்றிலும் ஆற்றுப்படுகையிலும் அளவு வைக்க வேண்டும்.

கசிவு என்பதற்கும் ஒரே பொருள் இல்லை. கீழ்பவானிக் கால்வாய்க்குக் கான்கிரீட் தளம் அமைக்கும் திட்டத்தில் அண்மை ஆண்டுகளில் உழவரே இரு பிரிவாயினர். கடைமடையார்க்குக் கசிவு என்பது வந்துசேராத நீர். கால்வாயின் கீழ்ப்புறத்துத் தோட்டக்காரர்க்கு அதே கசிவு கிணற்றின் ஊற்று. ஒருவர் ஏட்டில் இழப்பாக எழுதப்படுவது மற்றொருவர் ஏட்டில் வரவாக இருக்கின்றது. முழு ஏட்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் பொதுக் கண் இன்னும் உருவாகவில்லை.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை ஏற்றி, 1,045 குளங்குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். நேரடியாக வயலுக்கு நீர் தராமல், குளத்தின் வழியே நிலத்தடியை நிறைக்கும் திட்டம் அது. பல பத்தாண்டுக் கோரிக்கை அவ்வாறு நிறைவேறியது. குடபுலவியனார் வேண்டியதை ஒத்த செயல் ஒன்று மின்விசைக் குழாயின் துணையால் நடந்துள்ளது எனலாம்.

குளம் நிறைந்தபின் கிணற்றில் ஊறும் நீரை எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எத்தனை ஏக்கருக்கு விடுவது என்னும் பழைய வினா அங்கேயே நிற்கின்றது. ஒரு கிலோ பருத்தித் துணிக்குப் பின்னால் உலகச் சராசரியில் 10,000 லிட்டர் நீர் உண்டு என்பர். திருப்பூர்ப் பின்னலாடையின் நூலுக்கு இன்று பெரும்பாலும் வெளிமாநிலப் பருத்தியே வருகின்றது. வேற்றூர்க் கிணறுகளின் அளவும் இந்நகரின் கணக்கில் சேர்ந்துள்ளது.

கொங்கு நாட்டில் நீரின் அளவை முதலில் எருதின் உழைப்பு காத்தது. பின்னர் மதகின் முறை காத்தது. சில காலம் எதுவும் காக்கவில்லை. தொழிலுக்கு நீதிமன்றம் காத்தது. இனி ஒரே ஊற்றை நம்பிய ஊரார் கூடி, தம் கிணறுகளுக்குத் தாமே அளவு வகுத்துக்கொள்வது ஒன்றே எஞ்சியுள்ள வழி. பாத்தியின் வாயை அடைக்கும் நேரத்தை அறிந்தவனையே தண்ணீர் கட்டத் தெரிந்தவன் என்று அந்நாட்டார் மதித்தனர். அவ்வறிவு ஒருவனுக்கு மட்டும் உரியதாய் இருந்தது போய், இன்று ஊருக்கே உரியதாக வேண்டியுள்ளது.